நோய் திரும்பியதா, மருந்து விலகியதா?

2002 அக்டோபரில் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சி செரோக்ஸாட் என்ற மாத்திரையைப் பற்றி ஒரு விசாரணையை ஒளிபரப்பியது. பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தின் விற்பனைப் பெயர் அது. நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்து குவிந்த தொலைபேசி அழைப்புகள் 60,000-ஐத் தாண்டின. மின்னஞ்சல்கள் மட்டும் 1,300-க்கு மேல். மருந்தைக் குறைத்தபோதும் நிறுத்தியபோதும் தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல இருந்தது என்று, ஒருவரையொருவர் அறியாத பலர், ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதியிருந்தார்கள். அந்த மாத்திரைப் பெட்டிக்குள் அப்போது இருந்த துண்டுச்சீட்டோ, இதற்கு யாரும் அடிமையாக முடியாது என்று உறுதி சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அந்த உறுதிமொழி காணாமல் போனது. மருந்தை நிறுத்தும்போது அவதிப்படுவோர் 0.2 சதவீதம் என்று அதுவரை சொல்லிவந்த நிறுவனம், 2003-இல் அதை 25 சதவீதம் என்று திருத்திக்கொண்டது. ஆயிரத்தில் இருவர் நாலில் ஒருவராக ஆனார்கள். மருந்து மாறவில்லை, சாப்பிட்டவர்களும் மாறவில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்கத் தொடங்கியதுதான் மாற்றம்.

இத்தனைக்கும் விஷயம் புதிதல்ல. ஸ்விட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர் இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டு 1957-இல் எழுதினார். அதை நிறுத்தியவர்களுக்குக் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வருகின்றன என்ற குறிப்புகள் 1959-லேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டன. அடுத்த முப்பது ஆண்டுகள் அந்தக் குறிப்புகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1987 கடைசியில் அமெரிக்காவில் ஃப்ளூஆக்ஸெடினுக்கு, அதாவது புரோஸாக்குக்கு, அனுமதி கிடைத்தது. செர்ட்ராலின், பராக்ஸெடின், சிட்டலோப்ராம் என்று அதே வகை மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழைய மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை என்பது உண்மை; அளவுக்கு மீறி விழுங்கினாலும் உயிர்போகும் அபாயம் குறைவு. அந்த உண்மையோடு சேர்ந்து, விடுவதும் சுலபம் என்ற நம்பிக்கையும் பரவிவிட்டது. அதற்கு ஆதாரம் இருக்கவில்லை.

1996 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நிபுணர் குழு ஒன்று கூடி இந்த அவதிக்குப் பெயரும் விளக்கமும் கொடுத்தது. கூட்டத்துக்குப் பணம் கொடுத்தது புரோஸாக்கைத் தயாரித்த எலி லில்லி. அந்த நிறுவனத்துக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. ஃப்ளூஆக்ஸெடின் உடலிலிருந்து மிக மெதுவாக வெளியேறுவது. போட்டியாளர்களின் மருந்துகள் விரைவாக வெளியேறுபவை. 1998-இல் வெளியான ஆய்வொன்று, அதுவும் லில்லியின் பணத்தில் நடந்ததுதான், 242 நோயாளிகளுக்கு அவர்களே அறியாமல் ஐந்து முதல் எட்டு நாள் வரை மருந்துக்குப் பதிலாக வெற்று மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தது. ஃப்ளூஆக்ஸெடின் சாப்பிட்டவர்களில் 14 சதவீதத்தினருக்கும், செர்ட்ராலின் சாப்பிட்டவர்களில் 60 சதவீதத்தினருக்கும், பராக்ஸெடின் சாப்பிட்டவர்களில் 66 சதவீதத்தினருக்கும் விலகல் அறிகுறிகள் தென்பட்டன. விற்பனைப் போட்டிக்காக நடந்தது என்பதால் இந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. இதில் இன்னொரு செய்தியும் இருந்தது. செர்ட்ராலின், பராக்ஸெடின் குழுக்களில் கணிசமானோருக்கு அந்த ஒரே வாரத்தில் மனச்சோர்வை அளக்கும் மதிப்பெண்ணும் ஏறியது. மருந்தைத் திரும்பக் கொடுத்ததும் இறங்கியது. சில நாளில் வந்து சில நாளில் போன அந்தச் சோர்வை நோய் திரும்பியதாக எப்படிச் சொல்வது?

மனச்சோர்வு மருந்தை விடுவதில் உள்ள சிக்கல்கள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் குழப்பம்தான் என்பது என் கருத்து: மருந்து விலகும் அவதியை நோய் திரும்பியதாகப் படிப்பது. வீட்டிலும் படிக்கிறார்கள், மருத்துவரின் அறையிலும் படிக்கிறார்கள். பெரிய ஆய்வுகளின் கணக்குகளுக்குள்ளும் அது புகுந்திருக்கிறது.

அருகில் போய்ப் பார்ப்போம். எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராமை இரண்டு வருடமாகச் சாப்பிட்டுவரும் ஒருவருக்கு, வெளியூருக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாத்திரை அட்டை தீர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத்தானே இருக்கிறோம், இத்தோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறார். முதல் நாள் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டாம் நாள் தலை லேசாகக் கிறுகிறுக்கிறது. மூன்றாம் நாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டுகிறார். மண்டைக்குள் சுரீரென்று ஓர் அதிர்வு; ஒரு நொடிகூட இல்லை, அதற்குள் உலகம் ஒருமுறை விட்டுச் சேர்கிறது. இறங்கும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறார். ராத்திரி வேர்த்துக்கொட்டி விழிக்கிறார். கனவுகள் விழித்த பிறகும் கலையாத அளவுக்குத் துல்லியமாக இருக்கின்றன. பகலில் தொலைக்காட்சி விளம்பரத்துக்கெல்லாம் கண் கலங்குகிறது. காரணமில்லாமல் பிள்ளைமேல் எரிந்து விழுகிறார். ஐந்தாம் நாள் மனைவி சொல்கிறார்: “உங்களுக்குப் பழையபடி ஆரம்பிச்சிருச்சுங்க. வாங்க, டாக்டர்கிட்ட போயிடலாம்.”

மருத்துவரிடம் போவது நல்லதுதான். ஆனால் அங்கே என்ன கேட்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தூக்கம் இல்லை, பதற்றம், அழுகை, எரிச்சல், பசியில்லை என்று வரிசையாகச் சொன்னால் அது மனச்சோர்வின் பட்டியலேதான். மருந்து மறுபடி தொடங்கும், பலருக்கு அளவும் கூடும். அதைவிடப் பெரிய பாதிப்பு, அந்த மனிதர் தன்னைப் பற்றி எடுத்துக்கொள்ளும் முடிவு: மாத்திரை இல்லாமல் என்னால் இருக்க முடியாது, என் மூளை அப்படி. பிறகு பத்து வருடம் அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இரண்டையும் பிரித்தறிய முடியும். விலகல் அவதி மருந்தைக் குறைத்த அல்லது விட்ட சில நாட்களுக்குள் தலைகாட்டும். நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல வரும். தலைக்குள் சுரீர் என்னும் அதிர்வு, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் மதமதப்பு, ஜுரம் வருவதுபோன்ற உடல்வலி இவையெல்லாம் பெரும்பாலானவர்களின் மனச்சோர்வில் இருந்ததே இல்லை. “உங்களுக்கு முதன்முதலில் நோய் வந்தபோது இப்படி இருந்ததா?” என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடை மருந்தைத் திரும்ப எடுக்கும்போது கிடைக்கும். விலகல் அவதியாக இருந்தால் ஓரிரு நாளில், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, தணிந்துவிடும். நோயைக் குணமாக்க அதே மருந்துக்கு வாரக்கணக்கில் தேவைப்படும். சில மருந்துகளுக்கு இந்த நாட்கணக்கு மாறும். வென்லாஃபாக்ஸினின் பாதி அளவு ஐந்து மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். பராக்ஸெடினுக்குச் சுமார் ஒரு நாள். ஃப்ளூஆக்ஸெடினும் உடலில் அதிலிருந்து உண்டாகும் துணைப்பொருளும் வாரக்கணக்கில் தங்குபவை. அதை விட்டவருக்கு ஒரு மாதம் கழித்து அவதி தொடங்கினால் மருந்தின் நினைவே அதற்குள் போயிருக்கும்.

பெரும்பாலானோருக்கு இது சில வாரங்களில் அடங்குகிறது. ஒரு சிறுபான்மையினருக்கு மாதக்கணக்கில், மிகச் சிலருக்கு வருடத்துக்கு மேலும் நீள்கிறது. உட்கார முடியாமல், படுக்க முடியாமல், தோலைக் கழற்றிப் போட்டுவிடலாமா என்பதுபோன்ற ஒருவகைத் தவிப்பு சிலருக்கு வரும். தற்கொலை எண்ணம் அதோடு சேர்ந்து வரக்கூடும் என்பதால் அந்த நிலையில் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். மனச்சோர்வு குணமானவர்கள் மருந்தைத் தொடர வேண்டும் என்ற அறிவுரை, ஒருவகைச் சோதனைகளின்மேல் நிற்கிறது. குணமானவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தைத் தொடர்வார்கள். மறு குழுவுக்கு வெற்று மாத்திரை. எந்தக் குழுவில் நோய் அதிகம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். வெற்று மாத்திரைக் குழுவில்தான் அதிகம் திரும்பும். ஆனால் அவர்களுக்கு மருந்தை எப்படி நிறுத்தினார்கள்? 2021-இல் காக்ரேன் அமைப்பு 33 ஆய்வுகளை, மொத்தம் 4,995 பேரின் தகவல்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பெரும்பாலான ஆய்வுகளில் திடீரென்றோ, சில வாரங்களுக்குள்ளோ மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. நோய் திரும்பியதை அளந்த கேள்விப் பட்டியல்களில் தூக்கம், பதற்றம், பசி, உடல் உபாதை எல்லாமே உண்டு. விலகல் அவதி தனியாக அளக்கப்படாத இடத்தில் அது நோயின் கணக்கில்தான் போய்ச் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று இப்போது பிரித்தெடுக்க வழியில்லை. மருந்து நோயைத் தடுக்கவே இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. தடுக்கும் ஆற்றல் கூடுதலாக மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்பதுதான் நியாயமாகச் சொல்லக்கூடியது.

எத்தனை பேருக்கு இந்த அவதி வருகிறது என்ற சண்டை தனிக் கதை. 2018 பிப்ரவரியில் பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரியின் தலைவரும் இன்னொரு பேராசிரியரும், மிகப் பெரும்பாலானோருக்கு இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்கள். மருத்துவர்களும் நோயாளிகளும் அடங்கிய முப்பது பேர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜேம்ஸ் டேவிஸ், ஜான் ரீட் இருவரும் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து, சராசரியாக 56 சதவீதத்தினருக்கு அறிகுறி வருகிறது, அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அதைக் கடுமையானது என்கிறார்கள் என்று எழுதினார்கள். இணையவழிக் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கப்பட்டவர்களே அதிகம் பதில் சொல்வார்கள் என்ற எதிர்வாதம் உடனே வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. 2019 மே மாதம் கல்லூரி தன் நிலைப்பாட்டைத் திருத்தி, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அறிகுறிகள் லேசானவை, ஒரு வாரத்தில் போய்விடும் என்றிருந்த அரசு வழிகாட்டி நெறியும் அந்த ஆண்டு அக்டோபரில் மாற்றப்பட்டது.

2024-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹென்ஸ்லர் குழு 79 ஆய்வுகளை, 21,002 பேரை, எடுத்துக் கணக்கிட்டது. மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அறிகுறி. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதத்தினருக்கு. ஆக, மருந்து காரணமாகவே வந்தது சுமார் ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையானது 35 பேரில் ஒருவருக்கு. முன்பு பயந்த அளவுக்கு இல்லை என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவின் எண்ணிக்கை நமக்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறது: பயமும் எதிர்பார்ப்பும்கூட உடம்பில் அறிகுறியாக வரும், அதை மறைக்கக் கூடாது. 2025 ஜூலையில் லண்டனிலிருந்து வந்த இன்னொரு தொகுப்பாய்வும், சராசரியாகப் பார்த்தால் ஓர் அறிகுறிதான் கூடுதலாகத் தெரிகிறது என்றது.

இந்த எண்களை நான் சந்தேகிக்கவில்லை. அவை யாரைப் பற்றியவை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 2025 தொகுப்பில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மருந்தை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டவர்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி அங்கே ஒரே ஆண்டில் 73 லட்சம் பேர், வயதுவந்தோரில் 17 சதவீதம், மனச்சோர்வு மருந்து வாங்கியிருக்கிறார்கள். சுமார் 9,30,000 பேர் மூன்று வருடம் விடாமல் வாங்கியிருக்கிறார்கள். மூன்று வருடக்காரரின் கேள்விக்கு மூன்று மாதக்காரரின் விடையைக் கொடுத்தால் அவருக்கு என்ன பயன்? ஹென்ஸ்லர் குழு சொன்ன 35-இல் ஒருவரையே எடுத்துக்கொண்டாலும், இத்தனை லட்சம் பேர் சாப்பிடும் மருந்தில் அது பெருங்கூட்டம். எத்தனை பேர் என்ற சண்டையில் செலவான காலத்தில் எப்படி விடுவது என்ற கேள்விக்கு ஆராய்ச்சிப் பணம் மிகக் குறைவாகவே போயிருக்கிறது.

எப்படி விடுவது என்பதில் பெரிய வெளிச்சம் மூளைப் படங்களிலிருந்து வந்தது. நரம்பணுக்களுக்கு இடையே விடப்படும் செரடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. இந்த மருந்துகள் அந்தப் புரதத்தை அடைத்துவிடும். டொராண்டோவில் ஜெஃப்ரி மேயரின் குழு 2004-இல் கதிரியக்கப் படமெடுத்துக் காட்டியது: வழக்கமான குறைந்த அளவிலேயே சுமார் 80 சதவீதப் புரதம் அடைபட்டுவிடுகிறது. அதற்குமேல் மாத்திரையைக் கூட்டினாலும் பெரிதாக ஏறுவதில்லை. 2019-இல் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் படித்தார்கள். ஹொரோவிட்ஸ் மனநல மருத்துவர்; எஸ்சிட்டலோப்ராமைத் தானே வருடக்கணக்கில் சாப்பிட்டு, விட முயன்று திண்டாடியவர். தான் படித்த பாடநூல்களில் தனக்கு நடந்தது இல்லை என்பதைக் கண்டு தேடத் தொடங்கியவர்.

சிட்டலோப்ராமில் அவர்கள் காட்டியது இது. 40 மில்லிகிராமில் சுமார் 86 சதவீதம் அடைப்பு. பாதியாக்கி 20-க்கு வந்தால் 80. மாத்திரை பாதியானாலும் மூளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரிவதில்லை. சுமார் 9 மில்லிகிராமில் 70 சதவீதம். 5.4-இல் 60 சதவீதம். 3.4-இல் 50. 1.5-இல் 30. வெறும் 0.8 மில்லிகிராமிலும் 20 சதவீதம் அடைபட்டே இருக்கிறது. இப்போது வழக்கமான முறையைப் பாருங்கள்: 20, பிறகு 10, பிறகு 5, பிறகு நிறுத்தம். முதல் இரண்டு இறக்கத்தில் மூளை சுமார் 20 சதவீதம் இறங்கியிருக்கும். கடைசி இறக்கத்தில் ஒரே நாளில் 60 சதவீதம். எல்லாப் படியும் சமமாகத் தெரியும் மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் ஓர் ஆள் உயரம். அதில் விழுந்தவரிடம் “முதல் படிகளை நன்றாகத்தானே இறங்கினீர்கள், 5 மில்லிகிராம் ஒன்றுமே இல்லையே” என்று சொல்லப்பட்டுவந்தது. 5 மில்லிகிராமில் அவர் விழுந்ததை நோயின் பிடிக்குச் சான்றாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அளவு குறையக் குறைய, குறைக்கும் வேகமும் குறைய வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்போதைய அளவில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, இரண்டு முதல் நான்கு வாரம் பொறுத்து, உடம்பு அடங்கிய பிறகே அடுத்தது. ஒரு மில்லிகிராமுக்கும் கீழே வரை போய்த்தான் நிறுத்துவது. சிலருக்கு இதற்கு இரண்டு மாதம் போதும். நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ராயல் கல்லூரி 2020-இல் நோயாளிகளுக்காக வெளியிட்ட கையேட்டில் இத்தகைய அட்டவணைகள் சேர்ந்தன. 2024-இல் ஹொரோவிட்ஸும் டெய்லரும் மருந்து மருந்தாக முழு வழிகாட்டி நூலே வெளியிட்டார்கள். மூளைப் படத்தின் கணக்கு நியாயமானது. ஆனால் இந்த மெதுவான முறையையும் பழைய முறையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய சோதனைகள் இன்னும் போதுமான அளவில் இல்லை. மருத்துவர்களில் ஒரு சாரார் தயங்குவது இதனால்தான். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய முறைக்கும் ஆதாரம் இருந்ததில்லையே.

நடைமுறையில் இடிப்பது மாத்திரை. எஸ்சிட்டலோப்ராம் நம் மருந்துக்கடைகளில் 5, 10, 20 மில்லிகிராம்களில் கிடைக்கிறது. 5 மில்லிகிராம் மாத்திரை உளுந்தம்பருப்பைவிடச் சற்றே பெரியது. காய் நறுக்கும் கத்தியை வைத்து அழுத்தினால் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி சிறிதாகவும் தெறிக்கும். பாதியைப் பாதியாக்கினால் கொஞ்சம் பொடியாகி மேஜையில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு உள்ளே போனது ஒன்றா, ஒன்றரையா என்று யாருக்கும் தெரியாது. நெதர்லாந்தில் பீட்டர் க்ரூட், ஜிம் வான் ஓஸ் என்ற இருவர் நோயாளிகளோடு சேர்ந்து யோசித்து, நாளுக்கு நாள் அளவு குறையும் மாத்திரைகளைச் சிறு பைகளில் வரிசையாக அடைத்த நாடாக்களை உருவாக்கினார்கள். அவற்றைப் பயன்படுத்தி முழுவதும் நிறுத்த முயன்ற 895 பேரில் சுமார் 70 சதவீதத்தினரால் முடிந்தது என்று 2018-இல் எழுதினார்கள். ஒப்பிட வேறொரு குழு இல்லாத ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அவர்களில் பலர் முன்பு முயன்று தோற்றவர்கள். பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் சில மருந்துகள் திரவமாகவும் கிடைப்பதால் சிரிஞ்சில் அளந்து குறைக்க முடிகிறது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை, பராக்ஸெடின் சிஆர் போன்றவற்றை, உடைக்கவே கூடாது. உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடச் சொல்லும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. விரைவாக வெளியேறும் மருந்துகளில் அது இரண்டு நாளுக்கொரு முறை இரத்த அளவை ஏற்றி இறக்கும். குறைப்பதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விலகலை உண்டாக்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். 2015-16-இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று அது கண்டது. இங்கே மருந்து கிடைக்காதவர்கள்தான் மிகுதி. கிடைத்தவர்களும் வீட்டாரின் பேச்சில் பாதியில் விட்டுவிடுகிறார்கள். “நரம்பு மாத்திரையை எத்தனை நாளைக்குத்தான் முழுங்குவே, பழகிரும்” என்பார்கள் பெரியவர்கள். பெண்ணுக்கு வரன் அமைந்ததும் அட்டை பீரோவுக்குள் போய்விடும். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மாத்திரை குப்பைக்குப் போகும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் நோய் கடுமையாகத் திரும்புவது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து என்பதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் சாப்பிட்ட மருந்தால் சில பிறந்த குழந்தைகளுக்கு நடுக்கமும் பால் குடிப்பதில் சிரமமும் வருவது உண்மைதான். பெரும்பாலும் அது சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. குப்பைத்தொட்டியில் முடிவது அல்ல.

‘பழகிரும்’ என்ற பயத்துக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். சாராயத்துக்கோ கஞ்சாவுக்கோ வரும் ஏக்கம் இந்த மருந்துகளுக்கு வருவதில்லை. போதைக்காக அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் இல்லை. அதே சமயம் உடம்பு அவற்றுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. பொருந்தியதைத் திடீரென்று உருவினால் எதிர்ப்பு வரும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றுக்கும் இதே குணம் உண்டு. ஏக்கம் வராது, ஆனால் உடம்பு பொருந்திக்கொள்ளும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லாத மருத்துவரை, அவதி வந்த பிறகு நோயாளி நம்ப மாட்டார்.

இன்னொன்று, நம் நாட்டுக்கே உரியதென்று சொல்லலாம். எஸ்சிட்டலோப்ராமோடு குளோனாசெபாமையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள்; 10 மில்லிகிராமும் 0.5 மில்லிகிராமும் சேர்ந்தது மிகப் பரவலாக எழுதப்படுவது. குளோனாசெபாம் தூக்கமும் அமைதியும் தரும் வேறொரு குடும்ப மருந்து. சில வாரம் மட்டும் கொடுக்கப்பட வேண்டியது, இந்தக் கூட்டு மாத்திரையில் ஒளிந்து வருடக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். கூட்டு மாத்திரையை விடுபவருக்கு இரண்டு விலகல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். பாதியாக உடைத்தால் இரண்டும் சேர்ந்தே பாதியாகும். முதலில் இரண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையாக மாற்றி, ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் வழி. தன் மாத்திரையில் இரண்டு மருந்து இருப்பதே தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

எல்லாரும் விட வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆன்ட்லர் ஆய்வு 2021-இல் வெளியானது. இங்கிலாந்தில் 150 பொது மருத்துவ நிலையங்களில் நீண்ட காலம் மருந்து வாங்கி, நலமாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த 478 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும். நிறுத்தியவர்களுக்கு இரண்டே மாதத்தில், பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறையில்தான் குறைத்தார்கள். மெதுவாகக் குறைத்திருந்தால் 56 எவ்வளவாக இருந்திருக்கும் என்ற கேள்வி நிற்கிறது. ஆனாலும் வித்தியாசம் முழுவதையும் விலகல் கணக்கில் எழுதிவிட முடியாது. சிலருக்கு நோய் நிஜமாகவே திரும்புகிறது. பலமுறை வந்தவர்கள், தற்கொலைக்கு முயன்றவர்கள், மருந்தால் நிமிர்ந்து வாழ்பவர்கள் தொடர்வதில் எந்தக் குறையும் இல்லை. மருந்தை நிறுத்தியும் 44 சதவீதத்தினருக்கு அந்த வருடம் நோய் திரும்பவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

விடுபவர்களுக்குத் துணை வேண்டும். 2015-இல் வந்த பிரிவென்ட் ஆய்வில் 424 பேரில் ஒரு பாதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள்; மறுபாதியினர் எட்டு வார மனக்கவனப் பயிற்சியோடு மருந்தைக் குறைத்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது முறையே 47, 44 சதவீதத்தினருக்கு. கிட்டத்தட்டச் சமம். சவுத்தாம்ப்டனில் டோனி கெண்ட்ரிக் நடத்திய ரெட்யூஸ் ஆய்வில், நலமாக இருப்பவர்களை மருத்துவர் அழைத்துப் பேசி மெல்லக் குறைக்க உதவியபோது, கூடுதல் தொலைபேசித் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்தில் விட்டிருந்தார்கள். மருத்துவர் அழைத்துக் கேட்டதே பெரும் பங்கு வேலையைச் செய்திருக்கிறது. நம் ஊரில் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிடுபவரை அப்படி அழைத்துக் கேட்பவர் யார்? 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து தமிழிலும் பேசுகிறது. நெருக்கடியில் இருப்பவருக்கு மட்டுமின்றி, மருந்தைக் குறைக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை பேச ஒருவர் வேண்டும் என்பவருக்கும் அது பயன்படலாம்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. எஸ்சிட்டலோப்ராமும் செர்ட்ராலினும் ஒரு மில்லிகிராம், அரை மில்லிகிராம் என்னும் சிறு அளவுகளிலோ திரவமாகவோ நம் அரசு மருத்துவமனை மருந்தகங்களில் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டவர்களை ஓர் ஆண்டு மெதுவாகக் குறைக்கவைத்து, விலகலை ஒரு தாளிலும் நோயை இன்னொரு தாளிலும் தனித்தனியாக அளக்கும் ஆய்வு ஒன்று நடக்க வேண்டும். மருந்து நிறுவனங்கள் அதை நடத்தமாட்டா. காப்புரிமை முடிந்த மலிவு மருந்தை விடுவதில் அவற்றுக்கு வருமானம் இல்லை. நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களால் நடத்த முடியும். மருந்து இங்கே மலிவு, நீண்ட காலம் சாப்பிட்டவர்கள் ஏராளம். அதுவரை, மருந்தைக் குறைத்த பத்தாம் நாள் தூக்கமில்லாமல் வந்து நிற்பவரிடம் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது, எந்த அளவிலிருந்து, எவ்வளவு குறைத்தீர்கள் என்பதாக இருக்க வேண்டும்.